வாள்மந்திரனின் மூன்றாம் விதி

அத்தியாயம் பதினான்கு

அடுப்புச் சாம்பலுக்குள் ஒரு வாளின் நுனி கிடந்தது.

படத்து வாள். புத்தக அட்டையின் எரியாமல் தப்பிய மூலை. பெற்றீசியா அதை விறகுக் குச்சியால் வெளியே இழுத்தாள். விரல் பட்டதும் அதுவும் உதிர்ந்துபோனது.

“அம்மா, அந்த வெள்ளைக்கார சேரோட புத்தகம் எங்க?”

இராசம்மா செபமாலையை விடாமல் கண்ணால் அடுப்பைக் காட்டினாள்.

“வாளும் கையுமா ஒருத்தன் அட்டையில நிக்கிறான். அதையும் பாத்துட்டு இன்னொருக்கா ஜீப்பு வரணுமா? இருந்த அத்தனையையும் போட்டுக் கொளுத்திட்டேன்.”

பெற்றீசியா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூங்கில்கலைத் தோட்டத்துக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. தொழிலாளர் லயங்களைச் சோதித்துவிட்டு, பெற்றீசியாவின் அப்பா, தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் இக்னேசியஸின் குவாட்டர்ஸுக்கும் ஏறியது. மகன் லியனார்டின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு நீலக் கொப்பியை எடுத்தார்கள். அதில் ஒரு கோட்டையின் வரைபடம் இருந்தது. கிழக்கு வாசலில் காவலர் நான்கு பேர் என்று குறித்திருந்தது. ஓர் ஆயுதப் பட்டியல் இருந்தது. பகலில் கூலியாள் போல் நடமாடி ஆயுதத்தை ஒளித்து வைத்திருக்கும் ஒருவனைப் பற்றி மூன்று விதிகள் இருந்தன.

தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ராலாமி அதைச் சத்தமாக வாசித்துச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டரின் முகம் இறுகிக்கொண்டே போனது. கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். ‘வேங்கையன் - லி.’ ‘நிழலன் - க.’ லி என்பது நீதானே, க யார் என்று கேட்டார்கள். லியனார்ட் வாய் திறக்கவில்லை. கொப்பியோடு அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அது விளையாட்டு என்று அங்கேயே சொல்லியிருக்கவேண்டியவள் பெற்றீசியாதான். அவளும் அந்த அறையில்தான் நின்றாள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒளிமுறிவைப் பற்றிப் பேசுகிறவளுக்கு, பெரியவர்கள் நான்கு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு எழாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்தே அப்படி.

இன்று காலை எழுந்ததும் அவளுக்கு ஒரே ஒரு யோசனை இருந்தது. அந்த ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிடலாம். இதோ அச்சடித்த விதிகள், இதைப் பார்த்துத்தான் எழுதினோம் என்று காட்டிவிடலாம். பேச்சே தேவையில்லை.

அந்த ஒரு சாட்சியைத்தான் அம்மா பத்திரமாக எரித்திருந்தாள்.

“நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்,” என்றாள் இராசம்மா. மகளின் முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. செபமாலை மணி விரலிடையில் நின்றுவிட்டது.

*

இக்னேசியஸ் சவரம் செய்து, கிறிஸ்மஸ் பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டுப் பார்த்தாராம். இது பொலிஸ் விஷயம், நான் தலையிடமுடியாது என்று சொல்லிவிட்டாராம்.

அவரிடம் ஒரு தீர்மானம் இருந்தது. அதைக் கோப்பி குடித்தபடி சொன்னார். அவர்கள் கேட்டது ஒரு பெயர்தான். அதைக் கொடுத்துவிட்டால் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

“அந்தக் கடைக்காரப் பையன் இந்தியா போயி ஆறு கெழம ஆச்சு. கப்பல் ஏறிப் போனவன யாரு போயிப் புடிக்கப் போறா? பேரச் சொல்றதுல யாருக்கு என்னா கொறஞ்சு போகுது, பாப்பா?”

அவர் சொன்னதில் பிழை எதுவும் பெற்றீசியாவுக்குத் தெரியவில்லை.

க என்றால் கணேசமூர்த்தி. சந்தியில் புடைவைக் கடை வைத்திருந்த சுப்பிரமணியத்தின் ஒரே மகன். போன வருஷம் ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தது. ஒரு வருஷம் கடன்பட்ட மனிதர்போல் ஊருக்குள் நடமாடிய சுப்பிரமணியம், கடைசியில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். புறப்படும் முன் கணேசமூர்த்தி வந்திருந்தான். போனதும் கடிதம் போடுகிறேன் என்றான். லியனார்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாலும், சொன்னது யாருக்கு என்று பெற்றீசியாவுக்குத் தெரியும்.

ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாக, தோட்டத்துத் தபால் பையில் அப்படி ஒரு கடிதம் வரவில்லை.

“நான் உள்ள போயி பேசுறேன்ப்பா,” என்றாள் அவள். “தம்பி நான் சொன்னாத்தான் பேரச் சொல்லுவான்.”

இக்னேசியஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “நீ பேசுவியா?”

“பேசுறேன்.”

அலுமாரியிலிருந்து பழைய பால்மா டின்னை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுப்புக்குத் தப்பியது அது ஒன்றுதான். அதில் வாள் படம் எதுவும் இல்லை.

*

சந்திக்குப் போகும் பஸ் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து போனது. மூடுபனியில் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பெற்றீசியா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்பதைச் சிங்களத்தில் கோத்துப் பார்த்தாள்.

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று வருஷங்களுக்கு முன் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்கார சேர், ஒரு பெட்டி புத்தகங்களை விட்டுப்போனார். பௌதிகப் புத்தகங்களுக்கு அடியில் அது கிடந்தது. பலகை இல்லாத, காய் இல்லாத விளையாட்டு. ஒருவர் இடத்தைச் சொல்வார்: இருட்டுக் குகை, மூடிய கதவு, கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். அந்த எண்ணுக்கு இருபது முகமுள்ள ஒரு பகடை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. பெட்டியில் பகடை இல்லை. பெற்றீசியா கொப்பி அட்டையை இருபது துண்டுகளாக வெட்டி, ஒன்று முதல் இருபது வரை எழுதிப் பால்மா டின்னில் போட்டாள். குலுக்கி எடுத்துவிட்டு, பார்த்த சீட்டைத் திரும்ப உள்ளே போடவேண்டும்.

சொல்பவள் பெற்றீசியா. விளையாடியவர்கள் லியனார்டும், பௌதிக நோட்ஸ் கேட்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட கணேசமூர்த்தியும்.

புத்தகத்தில் வீரன் இருந்தான், மந்திரவாதி இருந்தான், திருடன் இருந்தான். கணேசமூர்த்தி திருடனை எடுத்து நிழலன் என்று பெயர் வைத்தான். லியனார்ட் எதையும் எடுக்கவில்லை.

“எனக்கு வாளும் வேணும், மந்திரமும் வேணும்,” என்றான்.

“அப்ப நான் எதுக்கு?” என்றான் கணேசமூர்த்தி. “ஒனக்குக் குடை புடிக்கவா? டீச்சர், இவன் ஆளுக்கு ரெண்டுங்கெட்டான்னு பேரு வைங்க.”

சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. ஒருவனிடமே இரண்டும் முழுதாக இருந்தால் மற்றவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புத்தகத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. அவர்களாகவே உண்டாக்க வேண்டியிருந்தது.

முதலில் பாதி பாதி கொடுத்துப் பார்த்தாள். வாளில் பாதித் திறமை, மந்திரத்தில் பாதித் திறமை. அந்த ஆள் இரண்டாவது கதவிலேயே செத்தான். பாதி வாள் வெட்டவில்லை, பாதி மந்திரம் பிடிக்கவில்லை. பிறகு இரண்டையும் முழுதாகக் கொடுத்து, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு மெதுவாக வளரவேண்டும் என்று வைத்தாள். நிழலன் ஆறாம் படிக்கு ஏறியபோது வேங்கையன் மூன்றாம் படியில் நின்றான். லியனார்ட் ஒரு கிழமை யாரோடும் பேசவில்லை.

அந்தக் கிழமை முழுதும் அவளுக்கு அதே யோசனை. கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போதும் அதே யோசனை. கடைசியில் ஒன்று பிடிபட்டது. அளவைக் குறைப்பதில் பயனில்லை. இரண்டும் முழுதாக இருக்கட்டும். ஒரே நேரத்தில் இருக்கக்கூடாது.

முதல் விதி: உடம்பில் இரும்பு இருக்கும்போது மந்திரம் வராது. இரண்டாம் விதி: ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற ஒரு முறை, ஆட்டத்தில் ஒரு சுற்று, ஆகும், அந்த ஒரு முறையில் அவனிடம் இரண்டுமே இருக்காது, ஒரு குச்சியால் அடித்தாலும் விழுவான். அப்போதும் தராசு நேராகவில்லை. லியனார்ட் ஒவ்வொரு தடவையும் மரத்துக்குப் பின்னால் போய் மாறிக்கொண்டு வந்தான். ஆகவே சண்டைக்கு வெளியேயும் ஒரு விலை வைத்தாள்.

மூன்றாம் விதி: அவன் இரண்டும் தெரிந்தவன் என்பது ஊருக்குத் தெரியக்கூடாது. பகலில் கூலியாள் போல் இருப்பான். ஆயுதத்தை ஒளித்து வைத்திருப்பான். பிடிபட்டால் கூட்டாளியின் பெயர் அவன் நாக்கில் வரக்கூடாது. வந்தால் வாளும் போகும், மந்திரமும் போகும்.

ஆட்டம் சரியாக நின்றது அதன் பிறகுதான். வேங்கையன் மாறும் அந்த ஒரு முறைக்கு நிழலன் காவல் நிற்கவேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தேவைப்பட்டது.

“டீச்சர், இப்பத்தான் எனக்கும் வேல வந்துச்சு,” என்றான் கணேசமூர்த்தி.

அதைச் சொல்லும்போது அவன் அவளைத்தான் பார்த்தான். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

லியனார்ட் நேற்றிலிருந்து எந்த விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று இப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும். எழுதியவள் எடுத்துவிடலாம். அதற்குத்தான் போகிறாள்.

*

சந்திப் பொலிஸில் ஒன்றரை மணி நேரம் வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள்.

பெற்றீசியா குனிந்த தலை நிமிரவில்லை. முகங்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் அவள் கால்களைப் பார்ப்பாள். அங்கே நிறையச் சப்பாத்துகள் போய் வந்தன. கவுண்டர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தவரின் சப்பாத்து அவளுக்கு நேரே இருந்தது. இடது காலில் கயிறு அறுந்து, தேங்காய்த் தும்புக் கயிற்றால் முடிந்திருந்தது. அந்த முடிச்சை எண்ணற்ற தடவை பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் அவளை மட்டும் உள்ளே வரச் சொன்னார். இக்னேசியஸ் கவுண்டரில் நின்றுகொண்டார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். யாரோடும் இரண்டு நிமிஷத்தில் உறவாகிவிடுவார்.

உள்ளே மேசையில் நீலக் கொப்பி விரித்திருந்தது. ராலாமி சுவரோரம் நின்றார். பெற்றீசியா கோத்து வைத்திருந்ததைச் சொன்னாள். குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. இது விளையாட்டு, புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதியது.

“புத்தகம் எங்கே?”

“எரிந்துவிட்டது, மாத்தயா.”

“எப்போது?”

“நேற்று. நீங்கள் வந்துபோன பிறகு. அம்மா எரித்தார்.”

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். விளையாட்டுப் புத்தகத்தை யாராவது எரிப்பார்களா என்று கேட்டார். அப்போது தும்புக் கயிறு முடிந்த சப்பாத்து உள்ளே வந்து, மேசையருகே நின்றுவிட்டு வெளியே போனது. அவள் பையைத் திறந்து டின்னை மேசையில் வைத்தாள். விளையாடிக் காட்டுகிறேன் என்றாள்.

அவர் ராலாமியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, காட்டு என்றார்.

“நீங்கள் கிழக்கு வாசல் காவலர். பொழுது சாயும் நேரம். விறகுக் கட்டுச் சுமந்து ஒரு கூலியாள் வருகிறான். என்ன செய்வீர்கள்?”

“கட்டை அவிழ்த்துப் பார்ப்பேன்.”

“ஒரு சீட்டு எடுங்கள்.”

எடுத்தார். பதினேழு.

“விறகுக்குள் வாள் இருக்கிறது. கண்டுவிட்டீர்கள்.”

இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு சீட்டு எடுத்தார். பதினொன்று. அவன் தப்பி ஓடாமல் பிடித்துக்கொண்டார். பெற்றீசியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. விளையாட்டு என்று புரிந்துவிட்டது, முகத்தில் தெரிகிறது என்று நினைத்தாள்.

“இவனுடைய கூட்டாளி யார் என்று கேட்கிறேன்,” என்றார் அவர். கையை டின்னுக்குள் விட்டார். “எத்தனை வந்தால் சொல்வான்?”

பெற்றீசியா டின்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை வந்தால்?”

“அதற்குச் சீட்டு இல்லை, மாத்தயா.”

“எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லையா?” அவர் கையை வெளியே எடுத்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. கொப்பியைத் திருப்பி மூன்றாம் விதியில் விரலை வைத்தார். “இது பையனின் எழுத்து இல்லை. கரும்பலகை எழுத்து. உன்னுடையதா?”

“என்னுடையதுதான்.”

“அப்படியானால் நீயே அவனைச் சொல்ல வை.”

ராலாமி வெளியே போய் லியனார்டைக் கூட்டிவந்தார்.

ஒரு காது வீங்கிச் சிவந்திருந்தது. இடது கண் முழுதாகத் திறக்கவில்லை. சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை, சப்பாத்தில்லாமல் சீமெந்துத் தரையில் நின்றான். அக்காளைக் கண்டதும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். கையில் என்ன என்று அவள் கேட்கவில்லை.

“தம்பி, மூணாவது விதிய எடுத்துட்டேன். ஒனக்கு ஒண்ணும் போகாது. பேரச் சொல்லிரு.”

லியனார்ட் தலையை ஆட்டினான்.

“எடுக்காதக்கா,” என்றான். உதடு வெடித்திருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை. “நிழலன் கப்பல் ஏறலக்கா.”

பெற்றீசியாவுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. நிழலன் ஏறினான். கடைசி ஆட்டம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணேசமூர்த்தி ஊருக்குப் போகிறான் என்பதால் நிழலனையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். கடல் எப்படி என்று பார்க்க அவன் சீட்டெடுத்தான். பத்தொன்பது வந்தது. அமைதியான கடல். மூன்று பேருக்கும் அது தெரியும்.

தம்பி நிழலனைப் பற்றிப் பேசவில்லை.

கணேசமூர்த்தி போகவில்லை. அப்பாவும் அம்மாவும் கப்பல் ஏறினார்கள், அவன் ஏறவில்லை. இங்கேதான் எங்கோ இருக்கிறான். எங்கே என்று தம்பிக்குத் தெரியும். கடிதம் ஏன் வரவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஆறு கிழமை தபால் பையைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னிடம் இரண்டு பேரும் சொல்லவில்லை என்ற எண்ணம் குறுக்கே வந்தது. அதைத் தள்ளிவிட்டாள். அதற்கு இது நேரமில்லை.

ராலாமி குனிந்து இன்ஸ்பெக்டரின் காதில் சொன்னார். விளையாட்டில் வரும் ஆள் ஒருவன் கப்பல் ஏறவில்லையாம்.

“பெயர்?” என்றார் இன்ஸ்பெக்டர், பெற்றீசியாவைப் பார்த்து.

“அப்படி ஓர் ஆள் இல்லை, மாத்தயா. விளையாடினது நானும் தம்பியும்தான். நிழலனும் என் ஆள்தான். க என்று சும்மா ஓர் எழுத்துப் போட்டோம்.”

அவளுடைய நாக்கு ஒரு தடவையும் தடுக்கவில்லை. அதை நினைத்து அவளே பிறகு ஆச்சரியப்பட்டாள்.

இன்ஸ்பெக்டர் கவுண்டர் பக்கமிருந்த கதவைப் பார்த்தார். கொப்பியை மூடினார்.

“தம்பியைக் கூட்டிக்கொண்டு போ.”

அவ்வளவு சுலபமாகவா என்று அவள் கேட்டிருக்கவேண்டும். கதவு திறக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

*

வெளியே தூறிக்கொண்டிருந்தது. இக்னேசியஸ் மகனைக் கட்டிப் பிடித்து, காதைத் திருப்பிப் பார்த்து, கண் இமையை டிஸ்பென்சர் விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, மருந்து போட்டால் சரியாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணில் நீர் நிறைந்து நின்றது. ஆனாலும் சிரித்தார்.

“பாத்தியா பாப்பா. உள்ளதச் சொன்னா வுட்டுருவாங்கன்னு நான் சொன்னேன்ல.”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா.”

“நீ சொல்லாட்டி என்னா? நான் கவுண்டர்லயே எழுதிக் குடுத்துட்டேன். புள்ள பேரு, அப்பா பேரு, கப்பல் ஏறுன தேதி, எல்லாம். அந்த எழுதுற ஆளு நல்ல மனுசன். அப்பவே உள்ள போயி துண்டக் குடுத்துட்டு வந்தாரு. நீ அப்ப ஏதோ டின்ன வச்சுக் குலுக்கிக்கிட்டு இருந்திருப்ப.”

பெற்றீசியா நின்றுவிட்டாள்.

மேசையில், கொப்பிக்கு அடியில், ஒரு துண்டுக் காகிதத்தின் ஓரம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்திருந்தாள், கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சீட்டெடுத்து விளையாடியபோதே அவருக்குப் பெயர் தெரியும். கப்பல் ஏறிவிட்டான் என்பதும் தெரியும். லியனார்ட் வந்து, ஏறவில்லை என்று தன் வாயால் சொன்னான். அவளும் அப்படி ஓர் ஆளே இல்லை என்று பொய் சொன்னாள். இல்லாத ஆளுக்காக யாரும் பொய் சொல்லமாட்டார்கள்.

அப்பாவிடம் எதையும் சொல்லமுடியவில்லை. அவர் பேக்கரியில் பாண் வாங்கி வருகிறேன், பிள்ளை நேற்றிலிருந்து பட்டினி என்று தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

அப்போது பக்கத்தில் லியனார்ட் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் நின்றன. ஒன்று வீட்டுப் பக்கம், லிந்துலைக்கு. மற்றது ராகலைக்கு, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லியனார்ட் நொண்டிக்கொண்டு அதை நோக்கிப் போனான். அப்பா சொன்னதைக் கேட்டதுமே புறப்பட்டிருக்கிறான். மிதிபலகையில் ஒரு கால் வைத்துவிட்டான்.

பெற்றீசியா ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

“வுடுக்கா. அவன்கிட்டச் சொல்லணும்.”

“எறங்கு.”

“ஒரு மரக்கறிக் கடையில மூட்ட தூக்கிக்கிட்டு இருக்கான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நாம சொல்லாட்டி யாரு சொல்லுவா?”

அவன் கிசுகிசுத்ததுதான், யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் பெற்றீசியா வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். பழக்கம் அவளை அப்போதும் விடவில்லை.

நாலடி தூரத்தில், பஸ்ஸுக்குப் பின் சக்கரத்தருகே, கட்டம் போட்ட சாரமும் அதற்குக் கீழே ஒரு ஜோடி சப்பாத்தும் நின்றன. இடது காலில் தும்புக் கயிற்று முடிச்சு.

ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற ஒரு முறை ஆகும். அந்த ஆளுக்கு அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை போலிருந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டார், சப்பாத்தை மாற்ற முடியவில்லை.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. லியனார்டின் கையைப் பற்றினாள். அவன் வலியில் முனகினான். அவன் மறைத்ததில் அடிபட்ட கை எது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை விட்டு மணிக்கட்டைப் பிடித்து, அவனை இறக்கி, லிந்துலை பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் சத்தமாக, எந்த பஸ்ஸுன்னு கூடத் தெரியாம ஏறுறியே, கண்ணு தெரியலையா என்று திட்டினாள். அவள் தெருவில் சத்தம்போட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அப்பா பாணோடு வந்து ஏறினார். மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அந்தச் சப்பாத்துகளும் பின்னாலேயே ஏறும் என்று அவள் காத்திருந்தாள். ஏறினால் நல்லது. வீடு வரைக்கும் வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் வாசலில் நிற்கட்டும். அவர்கள் எங்கும் போகாமல் இருந்துவிட்டால் போதும்.

யாரும் ஏறவில்லை.

அவள் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

சாரம் கட்டிய ஆள் ராகலை பஸ்ஸின் முன்னால் நின்று, மேலே எழுதியிருந்த ஊர்ப் பெயரை நிதானமாக வாசித்தார். பிறகு பக்கவாட்டில் வந்து, லியனார்ட் கால் வைத்த அதே மிதிபலகையில் கால் வைத்து ஏறினார். கண்டக்டர் மணியடித்தார். பஸ் பனிக்குள் போய்விட்டது.

“சாப்புடு தம்பி,” என்றார் இக்னேசியஸ், பாணைப் பிய்த்து நீட்டி.

லியனார்ட் அக்காளைப் பார்த்தான். அவன் நாக்கில் அந்தப் பெயர் ஒரு தடவையும் வரவில்லை. விதியில் அவள் நாக்கைப் பற்றி எழுதியிருந்தாள். பஸ்ஸில் வைத்த காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.